கட்டுக்கரையில் யாருடைய கூடாரம்?

கூடாரம் என்னும் சொல் கொழும்பு நகரவாசிக்கு விடுமுறை நாளை நினைவூட்டும். மன்னார்ப் பெருநிலத்துக் குடிமகனுக்கு அச்சொல் நினைவூட்டுவது வேறு. 1990ஆம் ஆண்டிலே போருக்கஞ்சி மடுத்திருப்பதியின் மரநிழலில் ஒதுங்கிய ஆயிரமாயிரம் குடும்பங்களை அது நினைவூட்டும். அதே ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் விடுதலைப் புலிகளால் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் ஓலைக்கொட்டில்களிலே இருபதாண்டுக் காலத்தைக் கழித்த மன்னார் முஸ்லிம் சகோதரரை நினைவூட்டும். அந்த அநீதியை மூடிமறைத்துவிட்டு இம்மாவட்டத்து நிலத்தைப் பற்றிப் பேச எவருக்கும் உரிமை கிடையாது. 2009ஆம் ஆண்டிலே செட்டிகுளத்து மெனிக் பாமில் முட்கம்பி வேலிக்குள் அடைபட்டுக் கிடந்த ஏறக்குறைய 3 இலட்சம் மக்களை நினைவூட்டும். அம்முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரிலேதான்.

இத்தகைய மண்ணிலே நின்றுகொண்டு, இன்பப் பொழுதுபோக்காகக் கூடாரம் அடித்துத் தங்குவதைப் பற்றி எழுதுவது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாகாதா என வாசகர் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆயினும் நாம் இதனை எழுதாமலிருப்பதற்கில்லை. காடும் குளமும் நாடிச் சென்று கூடாரத்தில் இரவு தங்கும் வழக்கம் இலங்கை முழுவதும் பரவி வருகின்றது. தெற்கிலே யால, உடவளவ என்று தொடங்கிய அவ்வழக்கம் வில்பத்துக்கு வந்துவிட்டது. வில்பத்துக்கு வந்தது கட்டுக்கரைக்கு வராதிருக்குமா? முருங்கன் ஊடாக மன்னாருக்குச் செல்லும் பெருந்தெருவில் போகின்ற எவரும் அந்த நீர்ப்பரப்பைப் பார்த்து ஒரு கணம் நில்லாமற் செல்வதில்லை. இன்று நிற்பவர் நாளை தங்குவர். அவர் எங்கே தங்குவது, எத்தனை நாள் தங்குவது, யாரிடம் கேட்டுத் தங்குவது என்பதை நாம் எண்ணாதிருப்போமாயின் நமக்காகப் பிறர் எண்ணிவிடுவர். அதுவே நமது கவலை.

கட்டுக்கரைக் குளம் வெறும் காட்சிப்பொருள் அன்று. அருவியாற்றைத் தேக்கம் அணையில் மறித்து, வாய்க்கால் வழியே நீரைக் கொணர்ந்து நிரப்பும் குளம் அது. அதன் நீர் 150க்கு மேற்பட்ட சிறுகுளங்களுக்குப் பிரிந்து சென்று, 30,000 ஏக்கர் அளவான வயலுக்கு உயிர் கொடுக்கின்றது. இலங்கையின் மிக வறண்ட பகுதிகளுள் ஒன்றிலே, ஆண்டில் மூன்று நான்கு மாதங்கள் மட்டும் மாரி காணும் நிலத்திலே, நெல்லை விளைவிக்கும் குளம் இது. இதனை வெட்டியவர் எந்த அரசர் என்று வரலாற்றாசிரியர் வழக்காடிக்கொள்ளட்டும். 2016ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் இக்குளத்தை அண்டி நடத்திய அகழ்வாய்வு, ஐயனார் வழிபாட்டோடு தொடர்புடைய பழைய சுடுமண் உருவங்களை வெளிக்கொணர்ந்தது. குளம் இருக்குமிடத்தில் ஐயனார் இருப்பார். ஐயனார் இருந்த இடத்தில் உழுதுண்ட குடிகள் இருந்திருப்பர்.

இங்கே ஒரு செய்தியைக் கூறாமற் செல்ல மனம் வரவில்லை. ஆங்கில ஆட்சியில் இந்நாட்டின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் என்பார் 1859இல் வெளியிட்ட தம் நூலிலே, கட்டுக்கரைக் குளம் மட்டம் பிழைத்துக் கட்டப்பட்ட வீண்முயற்சி என்னும் கருத்தையே எழுதிவைத்தார். பின்னர் வந்த பொறியியலாளர் நிலத்தை முறையாக அளந்து பார்த்தபோது மட்டம் பிழைத்தது குளத்திலன்று, அளந்தவரின் கணக்கிலே என்று தெரியவந்தது. அந்த நூற்றாண்டின் இறுதியில் குளம் திருத்தப்பட்டது, நீர் ஏறிற்று. மன்னார் நிலத்தின் மேடு பள்ளம் அறியாமலே அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் தலைநகரத்துக்குப் புதியதன்று.

கூடாரத்தில் தங்குவது மேனாட்டார் நமக்குக் கற்பித்த புதுமை என்று சிலர் எண்ணுகின்றனர். காலபோக நெல் கதிர் தள்ளும் நாட்களிலே பன்றிக்கும் யானைக்கும் காவலாக வயல் நடுவே கொட்டில் போட்டு இரவிரவாக விழித்திருக்கும் கமக்காரன் யார்? பருவந்தோறும் கரை மாறிச் சென்று வாடி அடித்துத் தங்கும் கடற்றொழிலாளி யார்? அவர்களைவிடத் திறந்த வெளியில் தங்கும் கலையை அறிந்தவர் யாவர்? 1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பின்போது மறிச்சுக்கட்டியின் வெறும் மணலிலே பல பதினாயிரம் பேர் தங்கிய கொட்டில் நகரமொன்று சில கிழமைகளுக்குள் எழுந்தது. குடிநீர், மருத்துவமனை, பொலிஸ், நீதிமன்று யாவும் அங்கிருந்தன. மறு ஆண்டு அங்கே கடமையாற்றிய இளம் உத்தியோகத்தருள் ஒருவர்தாம் பிற்காலத்தில் எழுத்தாளராய்ப் புகழ்பெற்ற லெனாட் வூல்ஃப். அதே 1906இல் முத்துச் சலாபத்தை அரசாங்கம் இலண்டன் கம்பனியொன்றுக்கு நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுத்தது. அடுத்த ஆண்டுக்குப் பின் பார்களில் சிப்பி இல்லை. கம்பனி வந்ததால் சிப்பி அற்றது என்று நாம் சொல்லவில்லை. கடல் தன் கணக்கிலே நடந்தது. ஆனால் பொதுச் செல்வத்தை ஒரு கம்பனியின் கையில் கொடுப்பவர் அக்கதையை ஒருமுறை படித்துக்கொள்வது நன்று.

இவை எல்லாவற்றினும் பெரிய சான்று மடு. ஆண்டுதோறும் ஓகஸ்ட் 15ஆம் நாள் திருவிழாவுக்கு இலங்கையின் எல்லாப் பாகங்களிலிருந்தும் இலட்சக்கணக்கில் மக்கள் திரள்கின்றனர். தமிழரும் சிங்களவரும் கத்தோலிக்கரும் கத்தோலிக்கர் அல்லாதாரும் வருகின்றனர். அவர்களுட் பலர் காட்டு மரங்களின் கீழே கூடாரமடித்து, அடுப்பு மூட்டி, நாட்கணக்கில் தங்குகின்றனர். கடுங்கோடையிலே, நீர் அரிதான காட்டிலே அது நடைபெறுகின்றது. தண்ணீர்த் தாங்கி எங்கே வைப்பது, மலசலகூடம் எத்தனை கட்டுவது, வண்டிகள் எங்கே நிற்பது, வைத்தியர் எங்கே இருப்பது என்பனவற்றை மாவட்டச் செயலகமும் திருப்பதியும் பிரதேச சபையும் சுகாதாரப் பகுதியும் முன்கூட்டியே ஒன்றுகூடித் தீர்மானிக்கின்றன. இலட்சம் பேரைக் காட்டிலே தங்கவைக்கத் தெரிந்த மாவட்டத்துக்கு இருபது கூடாரத்தைக் குளக்கரையில் ஒழுங்குசெய்யத் தெரியாது என்று எவரேனும் சொன்னால் அவரை மடுவுக்கு ஒருமுறை அழைத்துச் செல்லவேண்டும்.

ஆகவே ஆற்றல் இல்லை என்பதன்று குறை. அதிகாரம் இல்லை என்பதே குறை. 1937ஆம் ஆண்டு 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி கட்டுக்கரை 1954ஆம் ஆண்டு முதல் ஒரு சரணாலயம். சரணாலயம் வேறு, தேசியப் பூங்கா வேறு என்பதை நம் கமக்காரர் நன்கு உணர்ந்துகொள்ள வேண்டும். சரணாலயத்தினுள் தனியார் காணி இருக்கலாம். அனுமதிச்சீட்டின்றி மக்கள் நடமாடலாம். பறவையையும் விலங்கையும் கொல்வதும் கூட்டைக் கலைப்பதுமே குற்றம். தேசியப் பூங்காவோ வாயிலும் பூட்டும் உடையது. சீட்டின்றி உள்ளே கால் வைத்தல் ஆகாது. மடு வீதிச் சரணாலயம் 2015இல் தேசியப் பூங்காவாயிற்று. ஆதாம் பாலத்து மணற்றிட்டுக்களும் அவ்வாண்டிலேயே தேசியப் பூங்காவாயின. வங்காலை 2008இல் சரணாலயமாகி 2010இல் ராம்சர் ஈரநிலமாயிற்று. 2017 மார்ச்சில் முசலிப் பகுதியின் காடுகள் பல ஒன்றாக்கப்பட்டு மாவில்லுப் பேணற்காடு எனப் பிரகடனப்படுத்தப்பட்டன; மீளக் குடியேறிய முஸ்லிம் மக்கள் தங்கள் பழைய காணியும் அதற்குள் அகப்பட்டதென்று முறையிட்டனர்.

காட்டைக் காப்பது தவறென்று நாம் சொல்வதாக எவரும் திரிக்கவேண்டாம். வங்காலையிலே மாரிக்கு வந்திறங்கும் பூநாரைகளைக் காப்பது தவறென்று சொல்பவன் மனிதனல்லன். காப்பது யார், யாரைக் கேட்டுக் காப்பது என்பதே நமது வினா. காப்பதற்கு வர்த்தமானியில் எழுதிய அதே பேனா காவலை நீக்கவும் எழுதிற்றே! விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கிடத்தை 2016இல் பிரகடனம் செய்தனர். 2024 மே மாதத்தில் நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென அதன் 168 ஹெக்டெயர் நிலத்தை ஒதுக்கிடத்திலிருந்து நீக்கிவிட்டதாக அறிவித்தனர். இயற்கை ஆர்வலர் உயர் நீதிமன்றம் சென்று அந்த அறிவித்தலுக்கு இடைக்காலத் தடை பெற்றனர். இரண்டு அறிவித்தலும் கொழும்பிலே அச்சாயின. விடத்தல்தீவு மீனவனைப் பொறுத்தவரை இரண்டும் வானத்திலிருந்து விழுந்தவையே.

வில்பத்தின் கதையையும் நோக்குவோம். 1938இல் தேசியப் பூங்காவான அவ்வனம் 1985இல் நிகழ்ந்த தாக்குதலின் பின் மூடப்பட்டது. 2003இல் திறந்து, 2006இல் மீண்டும் மூடி, 2010இல் திறந்தது. மோதரகம் ஆற்றுக்கு இப்புறம் உழுபவன் நமது முசலிக் கமக்காரன், அப்புறம் பூங்கா. அவன் வயலிலிருந்து பார்த்தால் தெரியும் காடு அது. ஆனால் தன் பிள்ளைகளோடு அங்கே ஓரிரவு கூடாரத்தில் தங்க விரும்பினால், பத்தரமுல்லையில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் திணைக்களத்திடம் இடம் ஒதுக்கிக்கொண்டு, மதவாச்சி, அனுராதபுரம் என்று சுற்றி ஹுனுவில்கமவிலுள்ள பிரதான வாயிலுக்குச் செல்லவேண்டும். அங்கே ஏற்ற வாகனம் இருத்தல் வேண்டும். பொழுது சாய்ந்தபின் கூடாரத்தைவிட்டு அகலலாகாது. நீரும் உணவும் யாவும் தானே கொண்டுசெல்ல வேண்டும். இவ்விதிகள் நல்ல விதிகளே. யானையும் கரடியும் உலவும் காட்டிலே விதியின்றி இருக்க முடியாது. ஆயினும் அவ்வயற்காரனுக்கும் அக்காட்டுக்கும் இடையே அத்தனை மைல் நீளத்துக்கு ஓர் அரசாங்கம் நீட்டிப் படுத்திருக்கின்றதே, அதை என்னென்பது?

பிற நாடுகள் இவ்விடயத்தில் என்ன செய்தன? அமெரிக்காவிலே 1864ஆம் ஆண்டில், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த வேளையிலேயே, ஜனாதிபதி லிங்கன் யொசெமிட்டிப் பள்ளத்தாக்கைக் கலிபோர்ணியா மாநிலத்தின் பொறுப்பில் ஒப்படைத்தார். மக்கள் என்றென்றும் பொதுவாக அனுபவிக்கவேண்டும் என்பதே நிபந்தனை. 1906இல் அது மத்திய அரசாங்கத்துக்குத் திரும்பிச் சென்றதாயினும், மாநிலமும் பூங்கா வைத்திருக்கலாம் என்னும் கொள்கை நிலைத்துவிட்டது. இன்று அந்நாட்டிலே தேசியப் பூங்காக்கள் ஒருபுறம் இருக்க, ஒவ்வொரு மாநிலமும் தன் சொந்தப் பூங்காக்களை நடத்துகின்றது. மழை அருகிய டெக்சாஸ் மாநிலத்தின் வடபகுதியிலே பாலோ டூரோ என்னும் செம்மண் பள்ளத்தாக்கு உண்டு. பொருளாதார மந்தம் வாட்டிய 1930களில் வேலையற்ற இளைஞர்க்குக் கூலி கொடுத்து அங்கே பாதை வெட்டுவித்தனர். 1934இல் மாநிலப் பூங்காவாகத் திறந்தனர். குறித்த இடத்தில் கூடாரம், குறித்த இடத்தில் அடுப்பு, எளிய கட்டணம். வறண்ட நிலத்துக்கு மக்கள் வருவர் என்பதற்கும், வந்தவரை அந்த மாநிலமே ஆளலாம் என்பதற்கும் இதனினும் தெளிவான உதாரணம் வேண்டுமா?

அத்துணைத் தூரம் போவானேன்? கனடாவிலே ஒன்ராறியோ மாகாண அரசாங்கம் தன் பூங்காக்களைத் தானே நடத்துகின்றது. அல்கொன்குவின் பூங்கா 1893இல் தோன்றியது. நம்மவர் அங்கே கோடை விடுமுறைக்குக் குடும்பம் குடும்பமாகச் சென்று கூடாரமடிக்கின்றனர். மாகாண அரசுக்குக் கட்டணம் செலுத்திச் சீட்டுப் பெறுகின்றனர். மாகாணம் பூங்கா நடத்தினால் நாடு பிளந்துவிடும் என்று கனடாவில் எவரும் அலறக் காணோம்.

இங்கேயோ 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் வனவிலங்குப் பாதுகாப்பையும் உல்லாசப் பயணத் துறையையும் மாகாணத்துக்கும் மத்திக்கும் பொதுவான ஒருங்கிய நிரலில் வைத்தது. பொது என்றால் யாருடையது என்பதை நாம் அனுபவத்தால் அறிவோம். மாகாண எல்லை கடந்து வரும் ஆற்றின் நீர் மத்திய அரசாங்கத்துக்கே உரியது. அருவியாறு அனுராதபுரத்திலிருந்து வருவதால் கட்டுக்கரை மத்திய நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கையில். பறவை ஒரு திணைக்களத்துக்கு, நீர் ஒரு திணைக்களத்துக்கு, கரையோரக் காடு இன்னொரு திணைக்களத்துக்கு. வட மாகாண சபை 2013 முதல் 2018 வரை இருந்தது. அதன்பின் தேர்தலே இன்றி ஆண்டுகள் கழிந்தன. இருந்த ஐந்தாண்டில் அச்சபை தன் கையிலிருந்த சிறு அதிகாரத்தையேனும் இத்துறையில் முயன்று பார்த்ததா என்றால், நம்மவரையும் நாம் கடிந்தே ஆகவேண்டும். தீர்மானங்கள் பல நிறைவேறின. ஒரு கூடாரத்திடல் தோன்றவில்லை.

இனிக் கமக்காரர் தரப்பைக் கேட்போம். கூடாரக்காரர் வேண்டவே வேண்டாம் என்று அவர் சொன்னால் அதிற் பிழை காண நாம் ஒருப்படோம். அறுவடைக் காலத்திலே வைக்கோல் காய்ந்து கிடக்கும். அணையாத அடுப்பின் ஒரு பொறி சோளகக் காற்றிலே எவ்வளவு தூரம் செல்லும் என்பதை நகரத்தார் அறியார். வாய்க்காலில் சவர்க்காரம் இட்டுக் குளிப்பர். எறிந்த பிளாஸ்ரிக் பையை மாடு தின்னும். தின்ற மாடு சாகும். குளம் வற்றும் மாதங்களில் எஞ்சிய நீரைச் சுற்றி மாடும் எருமையும் பறவையும் நெருங்கி நிற்கும். அங்கே ஒலிபெருக்கி வைத்துப் பாடினால் அவை எங்கே போகும்? குளக்கட்டிலே கூடார முளை அடிப்பவன் அக்கட்டு எத்தனை ஆயிரம் ஏக்கரைத் தாங்குகின்றது என்று எண்ணுவானா? விளையாட்டாகத் துருசில் கை வைப்பவனை யார் தடுப்பர்? சமைத்த உணவின் வாசனையைத் தேடி யானை வரும். கூடாரக்காரர் மறுநாள் போய்விடுவர், யானை போகாது. இவை கற்பனை அச்சங்கள் அல்ல. இவற்றுக்கு விடை சொல்லாத எந்தத் திட்டத்தையும் கமக்கார அமைப்புக்கள் நிராகரித்தல் வேண்டும்.

விடை உண்டு என்பதே நம் துணிபு. கட்டிலும் அலைகரையிலும் ஒரு கூடாரமும் கூடாது. அலைகரைக்கு அப்பால், வெள்ளம் ஏறாத மேட்டுநிலத்திலே, பாலையும் வீரையும் நிழல் தரும் ஓரிடத்தைக் கமக்காரரே காட்டட்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு அருவியாறு பெருகிவந்ததைக் கண்டவர்களுக்கு எது மேடு, எது பள்ளம் என்று பொறியியலாளர் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தைப்பொங்கல் கழிந்து, பறவைகள் நிறைந்து, வெயில் ஏறுமுன் உள்ள பத்துக் கிழமைகளுக்கு மட்டும் திடல் திறந்திருந்தால் போதும். மாரியிலும் வேண்டாம், குளம் வற்றும் கோடையிலும் வேண்டாம். இருபது கூடாரத்துக்கு மேல் ஓரிரவில் இடமில்லை என்று வரையறுப்போம். நிலத்தில் நெருப்பு மூட்டலாகாது. எரிவாயு அடுப்பு மட்டும். கொண்டுவந்த குப்பையைக் கொண்டுவந்தவரே திரும்ப எடுத்துச் செல்வார். அதற்கென வாங்கிய முற்பணம் குப்பைப் பையைக் காட்டிய பின்பே திருப்பிக் கொடுக்கப்படும். மலசலகூடம் நீருக்கு எட்டாத தொலைவில் அமையும். ஒலிபெருக்கி இல்லை. சீட்டு முருங்கனில், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கொடுக்கப்படும். கட்டணம் திறைசேரிக்குப் போகாது. வாய்க்கால் துப்புரவுக்கும் சிறுகுளக் கட்டுத் திருத்தத்துக்கும் கமக்கார அமைப்பின் கணக்கில் சேரும். வழிகாட்டுபவர் அவ்வூர் இளைஞராக இருப்பர். இவற்றுள் எதற்கும் கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை. மாளிகை விடுதி கட்ட வருபவர் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் ஆண்டு வெளியூரார் எவருக்கும் திடலைத் திறக்கவேண்டாம் என்பதும் நம் கருத்து. மன்னார் மாவட்டப் பாடசாலை மாணவர் முதலில் தங்கட்டும். அவர்களுட் பலரின் பெற்றோர் முகாமிலே பிறந்தவர்கள், அல்லது முகாமிலே பெற்றவர்கள். நிவாரண அட்டைக்கு வரிசையில் நில்லாமல், இரவு வானத்தைப் பார்த்தபடி, விடிந்ததும் கூழைக்கடாவும் நீர்க்காகமும் இறங்குவதை எண்ணிக் குறித்தபடி ஒரு பிள்ளை கூடாரத்தில் ஓரிரவு தங்குவதைக் காண அந்தப் பெற்றோர் விரும்பமாட்டார்களா? சிலர் விரும்பமாட்டார்கள். தாங்கி வந்த துயர் அத்தகையது. அவர்களை எவரும் வற்புறுத்தலாகாது.

அரசியல் உரிமை கிடைக்குமுன் கூடாரத்திடல் ஒரு கேடா என்று கேட்கும் நண்பர்கள் உளர். இருபது கூடாரத்தின் சீட்டை யார் எழுதுவது என்ற வினாவிலே காணியும் நீரும் காடும் யாருடைய ஆட்சியில் என்ற வினா அடங்கியிருக்கின்றதா இல்லையா என்பதை அவர்கள் சற்றே எண்ணிப் பார்க்கட்டும். நம்மிடையே பொறியியலாளர் உளர். வைத்தியரும் வழக்கறிஞரும் ஆசிரியரும் உளர். இவருட் சிலர் ஞாயிற்றுக்கிழமை ஒன்றைக் கட்டுக்கரையில் செலவிட்டு, கமக்காரரோடு அமர்ந்து, இடத்தையும் விதியையும் இரண்டு தாளில் எழுதினால் வேலையிற் பாதி முடிந்தது.

சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர், எந்தெந்தத் துருசுக்கு எத்தனை நாள் நீர் என்று தீர்மானிக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டம் மாவட்டச் செயலகத்திலே கூடும். நீர்ப்பாசனத் திணைக்களத்தாரும் கமநல சேவையினரும் கமக்கார அமைப்புக்களும் ஒரே மேசையில் அமரும் கூட்டம் அது. வனசீவராசிகள் திணைக்களத்தாரையும் அதற்கு அழைத்து, கட்டுக்கரைக் கூடாரத்திடல் பற்றிய இரண்டு தாளையும் நிகழ்ச்சிநிரலில் சேர்க்குமாறு கமக்கார அமைப்புக்கள் இப்போதே மாவட்டச் செயலாளருக்கு எழுதுதல் வேண்டும். கடிதத்தைத் தமிழில் எழுதட்டும். பதிலும் தமிழிலேயே வரவேண்டும் என்பதையும் அதிலேயே குறிப்பிடட்டும்.